விறகு அடுப்பு மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாக ஒரு கைக்குறிப்பு

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் வளர்ந்தவனுக்குக் குளிர் என்றால் மார்கழிக் காலையில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டீக்கடை வாசலில் நிற்பது, அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவின் ஹோவிக்குக்கு வந்த முதல் ஜூனில், காலை ஆறரைக்குக் கார்க் கண்ணாடியில் படிந்த உறைபனியை ஏடிஎம் அட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் புரிந்தது. இங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் கீழே இருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில்தான் 1893 ஜூன் 7 ராத்திரி காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஓவர்கோட் பெட்டிகளோடு மாட்டிக்கொண்டது, போய்க் கேட்டால் இன்னொரு அவமானம் வருமோ என்று கேட்காமலே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளியில் படித்தபோது அவமானம் மனதில் நின்றது, குளிர் நிற்கவில்லை. இப்போது ஜூன் வந்தால் குளிர்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

இந்த ஊர் வீடுகள் வெயில் காலத்தை மனதில் வைத்துக் கட்டியவை. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், கதவுக்கடியில் விரல் நுழையும் இடைவெளி. மின்வெட்டு வந்தால் ஹீட்டர் வெறும் தகரப்பெட்டி. அதனால்தான் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு விறகு அடுப்பு ஒன்றை ஹாலில் வைத்தோம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் இரும்பு சூடேறி டிக் டிக்கென்று சத்தம் விடும், மேலே வைத்த கெட்டில் முனகும், பிள்ளைகள் தாங்களாகவே படுக்கையறையிலிருந்து போர்வையோடு வந்து தரையில் உட்காருவார்கள். அந்தச் சுகத்துக்கு ஈடு கிடையாது.

ஆனால் ஜூன் முதல் வாரம் ஆனதும் போன் வரும். "அண்ணா, புகை பூரா உள்ளேயே வருது." நான் மெக்கானிக் இல்லை, கணக்கு எழுதுகிறவன். ஆறு குளிர்காலமாக என் அடுப்பையும் தெரிந்தவர்கள் வீட்டு அடுப்புகளையும் குடைந்து பார்த்ததில் தெரிந்தது, வரும் கோளாறு மொத்தமே ஏழெட்டுதான், எங்கே தொடங்கினாலும் பெரும்பாலும் விறகில் போய்த்தான் முடியும். உங்கள் அடுப்பு என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத வேலை முதலில், காசு பிடுங்கும் வேலை கடைசியில். வரிசையை மாற்ற வேண்டாம். கூரையில் ஏற ஆளை வரவழைத்துப் புகைப்போக்கியின் மூடியையே மாற்றி, அப்புறமும் புகைந்து, கடைசியில் குழாய் வளைவில் மைனாக்கூடு கிடந்த கதை எங்கள் தெருவிலேயே உண்டு.

## புகை அறைக்குள் வருகிறது

எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

### பற்றவைக்கும்போது மட்டும், பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது

குழாய்க்குள் குளிர்ந்த காற்று அடைத்துக்கொண்டு நிற்கிறது, வேறொன்றுமில்லை. ஒரு முழுத்தாள் செய்தித்தாளைத் தளர்வாகக் கசக்கி, அடுப்பின் உள்ளே குழாய் வாய்க்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே வைத்து அதை மட்டும் எரியவிடுங்கள். 'குப்'பென்று மேலே இழுக்கும் சத்தம் கேட்டதும் சுள்ளியைப் பற்றவையுங்கள்.

அதோடு, அடுக்கும் முறையையும் மாற்றிப் பாருங்கள். அடியில் பெரிய கட்டை இரண்டு, நடுவில் விரல் தடிமனில் சிராய், உச்சியில் பற்றவைக்கும் துண்டு. தீ மேலிருந்து கீழே இறங்கும், புகை குறைவு, குழாய் சீக்கிரம் சூடேறும். ஊரில் அடுப்புப் பற்றவைக்கும் முறைக்கு நேர் தலைகீழ். வீடியோ காலில் பார்த்த என் அம்மா, "என்னடா, கூரையிலிருந்து வீடு கட்டுறே" என்றாள். எரிந்ததைப் பார்த்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

அப்படியும் நிற்கவில்லையா? சமையலறையில் புகை உறிஞ்சும் விசிறி ஓடுகிறதா பாருங்கள். அது வீட்டுக் காற்றை வெளியே தள்ளினால், ஈடுகட்டுகிற காற்று உங்கள் புகைப்போக்கி வழியாகத்தான் இறங்கும். விசிறியை நிறுத்தி, அடுப்புக்குக் கிட்ட இருக்கும் ஜன்னலை இரண்டு விரல் திறந்து வையுங்கள். புகை உடனே நின்றால் அடுப்பில் குற்றமில்லை.

### கதவைத் திறந்து விறகு போடும்போது மட்டும்

பழக்கம்தான் காரணம். சுடர் கொழுந்துவிட்டு எரியும்போது கதவைத் திறக்கக் கூடாது, தணலாக அடங்கியபின் திறக்க வேண்டும். காற்றுத் திறப்பை முழுதாகத் திறந்து ஒரு நிமிடம் பொறுங்கள், கதவை ஒரு விரல் அளவு மட்டும் விலக்கி மூன்று எண்ணுங்கள், அப்புறம் மெல்லத் திறங்கள். டப்பென்று இழுத்தால் கதவே விசிறி மாதிரி புகையை வெளியே வீசும்.

பழக்கத்தை மாற்றியும் புகைந்தால், அடுப்பு முழுக்க ஆறிய பிறகு உள்ளே டார்ச் அடித்து மேலே பாருங்கள். சுடர் நேராகக் குழாய்க்குள் ஓடாமல் தடுக்க ஒரு தகடோ வெளிர்மஞ்சள் பலகையோ சாய்வாகக் கிடக்கும். கடைக்காரர்கள் பாஃபிள் என்பார்கள். வருடக் கணக்கில் குழாயிலிருந்து உதிரும் கரியெல்லாம் அதன் முதுகில் வந்து உட்காரும், கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. என் அடுப்பில் முதல் தடவை அதைத் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்த்தபோது, ஒரு படி கரி என் முழங்கைச் சட்டைக்குள் இறங்கியது. பழைய பெட்ஷீட்டை விரித்துக்கொண்டு செய்யுங்கள். பலகையாக இருந்தால் பிஸ்கட் மாதிரி உடையும், பதமாக எடுங்கள்.

சாம்பலும் கழுத்துவரை ஏறியிருக்கக் கூடாது. விறகுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் சாம்பல் மெத்தை நல்லதுதான், அதற்கு மேல் அள்ளிவிடுங்கள். அள்ளியதை மூடி போட்ட தகர வாளியில் போட்டு, வெளியே கல்லிலோ சிமெண்டுத் தரையிலோ வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு இருக்கும். ஜூலையில் இந்தப் பக்கம் புல்லெல்லாம் காய்ந்து பழுப்பாகக் கிடக்கும், ஒரு பிடிச் சாம்பலைக் காற்றில் கொட்டினால் பக்கத்துப் பண்ணைவரை போய்ச் சேரும்.

### போன வருடம் நன்றாக இருந்தது, இந்த வருடம் எப்போதும் புகைகிறது

குழாயில் அடைப்பு. சந்தேகமே வேண்டாம்.

முதலில் வாசலில் நின்று போன் கேமராவைப் பெரிதாக்கிப் புகைப்போக்கியின் உச்சியைப் பாருங்கள். மூடியில் வலை இருந்தால் அதில் கரி அப்பிக்கொண்டு சல்லடைக் கண் முழுக்க அடைந்திருக்கும். வலை இல்லாத மூடி என்றால் பறவை. பெரும்பாலும் மைனா. ஆமாம், நம்ம ஊர் மைனாதான், நம்மாட்கள் மாதிரியே கடல் தாண்டி டர்பனில் இறங்கி, இப்போது ஜோஹன்னஸ்பர்க் வரை குடித்தனம். அடுத்து, ஆறிய அடுப்பில் மேல்தகட்டை, அதாவது அந்தப் பாஃபிளை, கழற்றிவிட்டுப் போனைக் குழாய்க்குள் நீட்டி, பிளாஷ் போட்டு ஒரு வீடியோ எடுங்கள். வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தால் வழி திறந்திருக்கிறது. பாதி வட்டம் தெரிந்தாலும் தெரியவே இல்லை என்றாலும் துடைக்க வேண்டும். வளைவு இருக்கும் குழாயில் எதுவும் தெரியாதுதான், அங்கே வளைவைத் தட்டிப் பாருங்கள், சத்தம் மந்தமாக இருந்தால் உள்ளே ஏதோ கிடக்கிறது.

ஒரு மாடி வீடு, நேர்க்குழாய், ஏறுவதற்குத் தோதான கூரை என்றால் குழாயின் விட்டத்துக்குப் பொருத்தமான பிரஷ்ஷும் கம்பிகளும் வாங்கி நாமே துடைக்கலாம். சரிவான ஓட்டுக் கூரை என்றால் வேண்டாம், துடைப்பவரைக் கூப்பிடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயம். எனக்கு நாள் மறக்காது. மாரிட்ஸ்பர்க் சுப்பிரமணியர் கோவிலில் பெரிய வெள்ளியன்று தீமிதி, அதற்கடுத்த சனி ஞாயிறில் குழாய் துடைப்பு.

### காற்றடிக்கும் நாளில் மட்டும்

டிராகன்ஸ்பர்க் மலையிலிருந்து குளிர்காலத்தில் திடீரென்று ஒரு சூடான வறண்ட காற்று இறங்குமே, பெர்க் காற்று, அன்று கவனித்திருப்பீர்கள், வெளியே வெப்பம், வீட்டுக்குள் குளிர். புகை மேலே ஏற வேண்டும் என்றால் குழாய்க்குள் சூடும் வெளியே குளிரும் இருக்க வேண்டும். அது தலைகீழானால் இழுப்பு செத்துவிடும். அன்று அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், அவ்வளவுதான் வைத்தியம். பெர்க் காற்றுக்குப் பின்னாலேயே குளிர் அலை வரும், மறுநாள் ராத்திரி அடுப்பு தானாக இழுக்கும்.

எந்தத் திசைக் காற்றென்றாலும் புகைகிறது என்றால் புகைப்போக்கியின் உயரத்தைச் சந்தேகப்படுங்கள். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டராவது மேலே, மூன்று மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் எந்த முகட்டை விடவும் அறுபது சென்டிமீட்டர் உயரம். என் வீட்டில் வேலை செய்தவர் ஒரு துண்டுக் குழாயை மிச்சம் பிடித்ததில் முகட்டுக்குக் கீழேயே நிறுத்திவிட்டுப் போய்விட்டார், இரண்டு குளிர்காலம் நான் விறகைத் திட்டிக்கொண்டிருந்தேன். உயரம் கூட்டுவதும் சுழலும் மூடி போடுவதும் தொழில் தெரிந்தவர் வேலை. புல்கூரை வீடு என்றால் குழாய் சம்பந்தப்பட்ட எதிலும் நீங்கள் கை வைக்காதீர்கள். ஒரு பொறி போதும்.

## பற்றுகிறது, ஆனால் அணைந்துபோகிறது, விறகு சீறுகிறது

விறகு ஈரம். படித்து முடிக்கும் முன்பே இதுதான் விடை.

பக்கத்து வீட்டுத் தாத்தா இங்கேயே பிறந்தவர், அவருடைய அப்பாவும் இங்கேயே பிறந்தவர். தமிழ் நூறு வார்த்தை தேறும். ஆனால் கோவிலில் தீக்குழிக்கு விறகு அடுக்குகிற கூட்டத்தில் சின்ன வயதிலிருந்து நின்றவர், விறகென்று வந்தால் அந்த நூறு வார்த்தையும் வரிசையாக வரும். என் முதல் லோடு வந்த அன்று வேலியோரம் நின்று பார்த்தவர், ஒரு கட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. அப்புறம் திருப்பிப் போட்டுவிட்டு, "தம்பி, இது அழுவுது" என்றார். அன்று ராத்திரி அடுப்பில் அந்தக் கட்டையின் இரண்டு முனையிலும் நுரை நுரையாகத் தண்ணீர் கொப்பளித்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோதுதான் அவர் சொன்னதன் பொருள் தெரிந்தது. காய்ந்த விறகு கன்னத்தில் மரம் மாதிரி இருக்கும், ஈர விறகு சில்லென்று இருக்கும்.

காசில்லாத மற்ற சோதனைகள்: இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் 'டங்'கென்று கேட்க வேண்டும், 'தொப்'பென்று கேட்டால் ஈரம். முனையில் நடுவிலிருந்து வெடிப்பு ஓடியிருக்க வேண்டும், பட்டை கையோடு வர வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் இரண்டு ஊசி வைத்த ஈரமானி ஒன்று வாங்குங்கள், சில நூறு ராண்டுதான். கட்டையின் வெளியே குத்தாதீர்கள், அது எப்போதும் காய்ந்ததாகவே காட்டும். கட்டையைக் கோடாலியால் பிளந்து, அந்தப் புது முகத்தில் குத்துங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எரிக்கலாம். 'இரண்டு வருடம் காய்ந்தது' என்று சத்தியம் செய்து ஒருவர் கொடுத்த லோடில் எனக்கு வந்த எண் 34.

(இங்கே விறகு கொண்டு வரும் சின்ன வண்டியைப் 'பக்கி' என்பார்கள். 'ஒரு பக்கி விறகு' என்று நான் போனில் சொன்னதைக் கேட்டு, ஊரிலிருந்து வந்திருந்த மாமா யாரைத் திட்டுகிறேன் என்று கேட்டார்.)

எந்த மரம்? இந்தப் பக்கம் அதிகம் கிடைப்பது வாட்டில், நீலகிரியில் சீகை என்கிறார்களே, அதே இனம்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவந்து நட்டது, இப்போது பரவி ஆற்றோரமெல்லாம் ஆக்கிரமிப்பு, அதனால் வெட்டி எரிப்பதில் மனச்சாட்சி உறுத்தாது. நன்றாகக் காய்ந்தால் அருமையான தணல். புளூ கம், அதாவது தைல மரம், மலிவு, ஆனால் பிளக்காமல் காயவிட்டால் வருடக்கணக்கில் ஈரம் இழுத்துக்கொண்டு கிடக்கும். செகெல்போஸ் என்று மூட்டை மூட்டையாக விற்பது வேறொன்றுமில்லை, நம் கரிசல்காட்டு விடத்தலை. முதல் மூட்டையைப் பிரித்து அந்தக் கட்டையின் நிறத்தைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கல் மாதிரி கனம், ஒரு கட்டை போட்டால் ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை தாங்கும். காமெல்டோரிங் என்று விற்பது பாதுகாக்கப்பட்ட மரம், அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விற்பவர் முழிப்பார், விட்டுவிடுங்கள்.

இப்போதைக்கு ஈர விறகுதான் இருக்கிறது, வெளியே மூன்று டிகிரி, என்ன செய்வது? கட்டையை மணிக்கட்டுத் தடிமனுக்குப் பிளந்துகொள்ளுங்கள். இரண்டு நாளுக்கு வேண்டியதை வீட்டுக்குள் கொண்டுவந்து அடுப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி அடுக்குங்கள், கிட்டே வைத்தால் விறகு அடுப்புக்கு வெளியிலேயே பற்றும். காய்ந்த மரம் கொஞ்சம் கலந்து, காற்றைத் திறந்தே வைத்து எரியுங்கள். காய்ந்த மரத்துக்காகப் பழைய சரக்குப் பலகைகளை உடைப்பதென்றால், அதில் எச்டி என்று முத்திரை இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எரிக்கலாம், எம்பி என்று இருந்தால் நச்சு வாயு ஏற்றியது, வேண்டாம். வேலிக்குப் போடும் பச்சை நிறம் பாய்ந்த கம்பத் துண்டுகள் இங்கே எல்லார் வீட்டுப் பின்புறத்திலும் கிடக்கும், அதைத் தொடவே தொடாதீர்கள். அந்தப் பச்சையில் ஆர்செனிக் இருக்கிறது, எரித்தால் புகையிலும் சாம்பலிலும் வரும்.

அடுத்த வருடத்துக்கு: பிளந்து, தரையிலிருந்து உயர்த்தி, வெயிலும் காற்றும் படும் இடத்தில் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போடுங்கள். நாலு பக்கமும் பிளாஸ்டிக்கைச் சுற்றுகிறவர்கள் விறகை அவித்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுச் சுவரில் சாய்த்து அடுக்காதீர்கள், கறையான் விறகோடு நிற்காது.

விறகு 15 சதவீதம், காற்று முழுதாகத் திறந்திருக்கிறது, அப்படியும் அணைகிறது என்றால் மேலே சொன்ன அடைப்புச் சோதனைக்குப் போங்கள்.

## கண்ணாடி ஒரே ராத்திரியில் கறுக்கிறது

கண்ணாடி முழுக்கக் கறுப்பு என்றால் ஈர விறகு, இல்லையென்றால் சிக்கனம் பார்த்துக் காற்றை அடைத்திருக்கிறீர்கள். கட்டை கண்ணாடியில் சாய்ந்து கிடந்தாலும் அந்த இடம் கறுக்கும். காய்ந்த விறகை முக்கால் மணி நேரம் நன்றாகக் கொழுந்துவிட்டு எரியவிட்டால் பாதிக் கறுப்பு தானாகப் போய்விடும். மிச்சத்துக்குக் கடையில் விற்கும் திரவமெல்லாம் வேண்டாம், ஆறிய கண்ணாடியில், ஈரச் செய்தித்தாளில் மெல்லிய சாம்பலைத் தொட்டுத் தேயுங்கள். சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்த கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன.

ஒரு மூலையில் மட்டும், தினமும் அதே இடத்தில் கறுக்கிறதா? கதவைச் சுற்றியிருக்கும் கயிற்றைப் பாருங்கள். ஆறிய அடுப்பில் ஒரு பத்து ராண்டு நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். இறுக்கமாக வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று ஒழுகுகிறது. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு இடத்தில் செய்யுங்கள்.

முதலில் தாழ்ப்பாளை இறுக்கிப் பாருங்கள், சில அடுப்புகளில் ஒரு திருகில் வேலை முடிந்துவிடும். முடியவில்லை என்றால் கயிற்றை மாற்ற வேண்டும். பழைய கயிற்றில் ஒரு துண்டைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள், 8 மில்லிமீட்டருக்குப் பதில் 10 வாங்கினால் கதவே மூடாது. பள்ளத்திலிருக்கும் பழைய பசையைப் பழைய திருப்புளியால் சுரண்டி எடுப்பதுதான் பெரிய வேலை, முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். புதுப் பசையைக் கோடாக இட்டு, கயிற்றை இழுக்காமல் பள்ளத்தில் படுக்க வையுங்கள். இழுத்து நீட்டினால் மெலிந்துபோகும், போட்டும் போடாத கதை. முனைகள் கீல் பக்கம் சந்திக்கட்டும். கதவை மூடி ஒரு நாள் விட்டுவிட்டு, அப்புறம் சின்னதாக ஒரு தீ. இதற்கெல்லாம் ஆள் வேண்டாம். கதவே நெளிந்திருந்தால்தான் ஆள்.

## விறகு மளமளவென்று தீர்கிறது, அறை சூடாகவில்லை

காற்றுத் திறப்பை மூடுங்கள். பாதிப் பேர் பற்றவைத்த பிறகு அதைத் தொடுவதே இல்லை. கட்டை நன்றாகப் பிடித்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சுடர் சோம்பலாக அசைகிற இடத்தில் நிறுத்துங்கள். முழுக்க அடைக்கக் கூடாது, அது அடுத்த தலைப்பின் கதை. குழாயில் காந்தத்தோடு ஒட்டும் வெப்பமானி ஒன்று வைத்துக்கொண்டால் ஊகம் வேண்டாம், ஏறத்தாழ 120 முதல் 250 டிகிரிக்குள் முள் நிற்க வேண்டும்.

மூடியும் அடங்கவில்லை என்றால் கதவுக் கயிறு, சாம்பல் தட்டின் கதவு, மேல்தகடு மூன்றையும் பாருங்கள். சாம்பல் தட்டு சரியாக மூடாமல் இருந்தால் கொல்லன் துருத்தி போட்ட மாதிரி அடியிலிருந்து காற்று ஊதும். இரும்பு எங்கேயாவது மங்கலாகச் சிவந்து தெரிந்தால் எல்லாத் திறப்பையும் மூடிவிட்டு நகருங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், இரும்பு வெடிக்கும்.

அடுப்பு சூடாகத்தான் இருக்கிறது, அறைதான் ஜில்லென்று இருக்கிறது என்றால் வீட்டைப் பாருங்கள். கனமான திரை, கதவடியில் மணல் அடைத்த துணிப்பாம்பு, கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே பஞ்சுமெத்தை. கடைசியாகச் சொன்னதைப் போட்ட பிறகு என் வீட்டில் விறகுச் செலவே குறைந்தது. பெரிய அடுப்பு வாங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி.

## குழாய் மூட்டில் கறுப்பாக ஒழுகுகிறது

ராத்திரி முழுக்கத் தாங்கட்டும் என்று பெரிய கட்டையாகப் போட்டுக் காற்றை அடைத்துவிட்டுத் தூங்குகிறீர்கள், சரிதானே? எரியாத புகை குளிர்ந்த குழாயில் வியர்த்து, தாராக இறங்குகிறது. கிரியோசோட் என்பது இதுதான். அந்தப் பழக்கத்தை விடுங்கள். தூங்கப் போகும்போது அடுப்பு தணலாக இருக்க வேண்டும், புகைந்துகொண்டிருக்கக் கூடாது. காலையில் மறுபடி பற்றவைக்கப் பத்து நிமிடம் ஆகும், ஆகட்டும்.

பழக்கம் சரியாக இருந்தும் ஒழுகினால் மூட்டைப் பாருங்கள். மேல்குழாயின் முனை கீழ்க்குழாய்க்குள் இறங்கியிருக்க வேண்டும், அப்போதுதான் ஈரம் உள்ளேயே வழிந்து அடுப்புக்குள் போய் எரியும். தலைகீழாக மாட்டியிருந்தால் வெளியே வழியும். பார்த்தாலே தெரிவது, ஆனால் மாற்ற எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புப் பொடி என்றால் பிரஷ் போதும். சருகு மாதிரி உதிர்ந்தால் உடனே துடையுங்கள். கண்ணாடி பூசின மாதிரி பளபளவென்று கெட்டியாக இருந்தால் அதை நாம் சுரண்ட முடியாது, தொழில்காரர் வந்து பார்க்கும்வரை ஒரு தீக்குச்சி கூடக் கிழிக்கக் கூடாது. பெரும்பகுதிக் குழாய் வீட்டுக்கு வெளியே ஒற்றைத் தகட்டில் ஏறியிருந்தால், நடுவே பஞ்சு வைத்த இரட்டைக் குழாயாக மாற்றச் சொல்வார், காசு ஆயிரக்கணக்கில் போகும், ஆனால் ஏமாற்றவில்லை, உண்மையாகவே தேவைதான்.

## குழாய்க்குள் ரயில் ஓடுவது போல உறுமல்

இங்கே சோதனையும் கிடையாது, காரணம் தேடலும் கிடையாது. குழாயில் படிந்த தார் பற்றிக்கொண்டது. கதவையும் எல்லாக் காற்றுத் திறப்பையும் மூடுங்கள், வீட்டிலிருக்கிற அத்தனை பேரையும் வெளியே அனுப்புங்கள், 10177 அல்லது கைபேசியிலிருந்து 112 கூப்பிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். தானாக அடங்கிவிட்டாலும் தீயணைப்பு ஆட்களை வேண்டாமென்று திருப்பி அனுப்பாதீர்கள், உட்கூரைக்கு மேலே மரச்சட்டம் புகைந்துகொண்டிருக்கலாம். அப்புறம் குழாயை முழுக்கப் பரிசோதித்த பின்தான் அடுத்த தீ.

## தலை வலிக்கிறது, அலாரம் கத்துகிறது

வெளியே போங்கள். ஜன்னல் திறப்பது, அடுப்பைப் பார்ப்பது எல்லாம் அப்புறம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலைவலி, குமட்டல், தூக்கம் என்றுதான் வரும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் அதைச் சளிக்காய்ச்சல் என்று நினைக்காதீர்கள். யாராவது மயங்கினால் 10177. அடைப்பு, குழாய்ப் பிளவு, கதவுக்கயிறு எது என்று தொழில்காரர் பார்த்துச் சொல்லும்வரை அடுப்பு அணைந்தே இருக்கட்டும். அலாரம் இல்லையென்றால் இந்த வாரமே வாங்குங்கள். இன்னொன்று, மின்வெட்டு ராத்திரியில் பிராய் (வெளியே இறைச்சி சுடுவது) போட்ட கரியையோ இம்பாவுலாவையோ, அதுதான் துளை போட்ட தகர டின்னில் எரியும் நிலக்கரி, உள்ளே தூக்கி வரும் வழக்கம் இந்த நாட்டில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் உயிர் வாங்குகிறது. 'கொஞ்ச நேரம்தான்' என்பதெல்லாம் கிடையாது.

## விரிசல்

உள்ளே இருக்கும் சூட்டுச் செங்கலில் மயிரிழை விரிசல்: விடுங்கள், துண்டாக விழும்போது மாற்றினால் போதும். கண்ணாடியில் விரிசல்: அன்றே நிறுத்துங்கள், சூடு தாங்கும் பீங்கான் கண்ணாடிதான் போட வேண்டும், ஜன்னல் கண்ணாடி வெட்டிப் போட்டால் முதல் தீயிலேயே சிதறும். வார்ப்பிரும்பு உடம்பிலேயே விரிசல் என்றால் தொழில்காரரிடம் காட்டுங்கள், பெரும்பாலும் புது அடுப்புதான். புது அடுப்பு முதல் இரண்டு மூன்று தீயில் பெயிண்ட் நாற்றம் விடும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அது கோளாறு இல்லை.

## எரியாத மாதங்களில் நாற்றம்

நவம்பரில் இடிமழை தொடங்கியதும் ஹாலில் நனைந்த கரி வாடை வரும். குளிர்காலம் முடிந்ததும் துடைக்காமல் விட்ட குழாய்தான் காரணம். சாம்பலையும் கரியையும் எடுத்துவிட்டு, காற்றுத் திறப்பைத் திறந்து வையுங்கள், உள்ளே காற்று ஓடினால் துருவும் பிடிக்காது. குழாயைச் சுற்றி உட்கூரையில் பழுப்புக் கறை விரிந்தால் கூரைச் சந்தில் தண்ணீர் இறங்குகிறது, கூரைக்காரர் வேலை.

ஆனால் அவசரப்பட்டுத் துடைத்துவிடாதீர்கள். 2024 செப்டம்பரில் வசந்தம் வந்துவிட்டது என்று நான் சாம்பலை ரோஜாச் செடிக்குப் போட்டு, கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்து, மிச்ச விறகைப் பிராய்க்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். 20, 21ஆம் தேதிகளில் வான் ரீனென் கணவாயில் பனி கொட்டி என்3 நெடுஞ்சாலையே மூடியது, வண்டிகள் ராத்திரி முழுக்கச் சாலையில் நின்றன. எங்கள் வீட்டில் மின்சாரமும் இல்லை. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலியோரம் போய் நின்றேன். தாத்தா ஒன்றும் கேட்கவில்லை, உள்ளே போய் நாலு கட்டை எடுத்து வந்து நீட்டினார். விடத்தலை. கையில் வாங்கியதும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.